கல்வெட்டு படிப்பதும் ஆராய்ச்சிதானா?

கேட்டவர் எழுதியதன் சுருக்கம் இது: "என் மகன் உயிரித்தொழில்நுட்பத்தில் பிஎச்.டி. செய்கிறான். தினமும் லேபுக்குப் போகிறான், சோதனை செய்கிறான். அது எனக்குப் புரிகிறது. என் அண்ணன் மகள் எம்.ஏ. வரலாறு முடித்துவிட்டு, சோழர் காலக் கல்வெட்டுகளில் பிஎச்.டி. சேரப் போகிறாள். யாரோ எப்போதோ படித்து அச்சிட்டுவிட்ட கல்வெட்டை மறுபடி படித்து இவள் புதிதாக என்ன கண்டுபிடிக்க முடியும்? இரண்டையும் ஆராய்ச்சி என்று ஒரே பெயரில் எப்படிச் சொல்கிறார்கள்?"

நியாயமான கேள்விதான். நிறையப் பேர் மனதில் இருப்பது, வாய்விட்டுக் கேட்பவர்கள் குறைவு. நான் பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்த்தவன். வேதியியல் முதல் நாட்டார் வழக்காற்றியல் வரை எல்லாத் துறை ஆய்வேடுகளும் என் கைவழியாகப் போயிருக்கின்றன. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: லேப் இருந்தால் ஆராய்ச்சி, இல்லாவிட்டால் வெறும் படிப்பு என்ற கணக்கு சரிப்படாது. கலை ஒரு பக்கம், அறிவியல் ஒரு பக்கம் என்று பிரிப்பதும் நாம் நினைக்கிற அளவுக்குப் பொருந்தாது. வேறொரு பிரிவு இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும்.

முதலில் கணிதம். அது அறிவியல் பக்கம்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. ஆனால் கணித ஆராய்ச்சியாளருக்குப் பெரும்பாலும் லேபும் இல்லை, சோதனையும் இல்லை. ஆண்ட்ரூ வைல்ஸ் ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தோடு ஏழு ஆண்டுகள், பெரும்பாலும் தன் வீட்டு மாடி அறையில் தனியாக மல்லுக்கட்டினார். 1993 ஜூனில் கேம்பிரிட்ஜில் நிரூபணத்தை அறிவித்தார். சரிபார்த்தவர்கள் அதில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். பழைய மாணவர் ரிச்சர்ட் டெய்லரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு 1994 செப்டம்பரில் அதை அடைத்தார், 1995இல் அச்சாகியது. செலவு என்று பார்த்தால் தாளும் பென்சிலும்தான்.

அங்கேயும் எல்லாம் பளிச்சென்று முடிந்துவிடுவதில்லை. பழக்கடையில் ஆரஞ்சுகளைக் கோபுரமாக அடுக்குகிறார்களே, ஒரே அளவுள்ள உருண்டைகளை அதைவிட நெருக்கமாக அடுக்க முடியாது என்று கெப்ளர் 1611இல் சொன்னார். தாமஸ் ஹேல்ஸ் 1998இல், கணினியின் உதவியோடு, அதற்கு நிரூபணம் கொடுத்தார். 12 பேர் கொண்ட குழு அதைச் சரிபார்க்க உட்கார்ந்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகு அவர்கள் சொன்னது: 99 சதவீதம் சரி என்று நம்புகிறோம், முழுக்கச் சரிபார்க்க எங்களால் முடியவில்லை. கணிதத்தில் 99 சதவீதம்! ஹேல்ஸ் விடவில்லை. ஒவ்வொரு படியையும் கணினியே சோதிக்கும்படி ஆட்களைச் சேர்த்துக்கொண்டு மறுபடி எழுதி, 2014இல் முடித்தார்.

அப்புறம் துகள் இயற்பியலைப் பாருங்கள். இதுவும் அறிவியல்தான், ஆனால் கணிதத்தோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஜெனீவாவுக்குப் பக்கத்தில் பூமிக்கடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவுக்கு ஒரு வளையம். உள்ளே புரோட்டான்களை மோதவிடுகிறார்கள். ஹிக்ஸ் துகளின் நிறையைப் பற்றி 2015இல் வந்த ஒரு கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். 33 பக்கக் கட்டுரையில் விஷயம் 9 பக்கம், மீதி 24 பக்கமும் பெயர்களும் நிறுவனங்களும்தான். அதில் பெரும்பாலோர் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்திருக்கவே மாட்டார்கள். அங்கே "கண்டுபிடித்துவிட்டோம்" என்று வாய் திறக்க வேண்டுமானால், அப்படி ஒரு துகளே இல்லாமல் வெறும் தற்செயலாக அந்த அளவு சிக்னல் வர 35 லட்சத்தில் ஒரு வாய்ப்புக்குமேல் இருக்கக்கூடாது என்று கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். மருந்து ஆராய்ச்சியிலோ உளவியலிலோ இருபதில் ஒன்று என்பதையே பல காலமாக ஏற்றுக்கொண்டு வந்தார்கள். ஒரே கூரைக்குக் கீழே இவ்வளவு வித்தியாசம்.

இந்த இருபதில் ஒன்று விவகாரம் உளவியலை நன்றாகவே பதம் பார்த்தது. பெயர் பெற்ற இதழ்களில் வந்த 100 உளவியல் ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்து 2015இல் முடிவை வெளியிட்டார்கள். மூல ஆய்வுகளில் 97 சதவீதம் "விளைவு உண்டு" என்று சொல்லியிருந்தன. மறுபடி செய்தபோது 36 சதவீதத்தில்தான் அது நின்றது. லேப், சோதனை, புள்ளியியல் எல்லாம் இருந்தும் இந்த நிலை. ஆகவே கருவிகளைப் பார்த்து மயங்க வேண்டாம். அதே சமயம், போய்ச் சோதித்துப் பார்த்து, தன் வீட்டுக் குறையைத் தானே அச்சில் ஏற்றியதும் அந்தத் துறைதான். அந்தத் துணிச்சல் எல்லாத் துறைக்கும் வந்துவிடவில்லை.

சரி, நான் சொன்ன அந்த வேறொரு பிரிவு. சில துறைகள் ஒரு நிகழ்ச்சியை வேண்டும்போது வேண்டும்படி மறுபடி நடத்திப் பார்க்கலாம். உங்கள் மகன் செல்களை மறுபடி வளர்க்கலாம், ஜெனீவாக்காரர்கள் புரோட்டானை மறுபடி மோதவிடலாம். வேறு சில துறைகளுக்கு நிகழ்ச்சி முடிந்து போய்விட்டது; அது விட்டுச்சென்ற தடயம் மட்டும்தான் கையில் இருக்கிறது. வரலாறு இந்த இரண்டாம் வகை. ஆனால் அது மட்டுமா? நிலவியலாளர் இமயமலையை மறுபடி உயர்த்திக் காட்ட முடியாது. டைனோசர் எப்படி அழிந்தது என்று கேட்பவர் அதை மறுபடி அழிக்க முடியாது. உயிர்களின் பரிணாமத்தை ஆராய்பவருக்கும் பெரும்பாலும் கையில் இருப்பது மிச்சம் மீதிதான். இவர்கள் எல்லாரும் உங்கள் அண்ணன் மகளுக்குத்தான் பங்காளிகள், உங்கள் மகனுக்கு இல்லை.

பங்காளி என்று சும்மா சொல்லவில்லை. பழைய ஏட்டைப் படிப்பவரும் பரிணாமத்தை ஆராய்பவரும் ஒரே முறையைத்தான் கையாள்கிறார்கள். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் அதில் இருக்கிறது.

உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராகப் போய் ஏடு தேடினார் என்பது பாடப்புத்தகத்திலேயே வரும் கதை. 1887இல் சீவக சிந்தாமணி, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு என்று பதிப்பித்தார். ஏடு தேடிய கதையை எல்லாரும் சொல்வார்கள். ஏடு கிடைத்த பிறகு நடந்த வேலையைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. உண்மையான ஆராய்ச்சி அங்கேதான் தொடங்குகிறது. பழைய ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் எழுத்தில் வித்தியாசம் கிடையாது. துணைக்காலும் ரகரமும் ஒரே கோடு. ஆக, ஓலையில் ஒரு கொம்பு, ஒரு ககரம், ஒரு கால் இருந்தால் அதைக் கொ என்று படிக்கலாம், கோ என்று படிக்கலாம், கெர, கேர, கெர், கேர் என்றும் படிக்கலாம். ஓர் இடத்துக்கு ஆறு வாசிப்பு. ஒரு வரியில் இப்படி நாலைந்து இடம் வந்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். யாப்பு, பொருள், உரை, அதே சொல் வேறு நூலில் வரும் இடம், வேறு ஏடு என்று எல்லாவற்றையும் வைத்துத்தான் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தள்ளிவிட்டதையும் அடிக்குறிப்பில் பாடபேதமாகக் காட்ட வேண்டும், நாளைக்கு வருகிறவர் உங்கள் முடிவைச் சரிபார்க்க வசதியாக. அறிவியல்காரர் தன் தரவைத் திறந்து வைப்பது எதற்கோ, அதற்காகத்தான் இதுவும்.

ஒரு நூலுக்குப் பத்து ஏடு கிடைத்தால் எதை நம்புவது? பத்தில் ஏழு ஒன்றாகச் சொன்னால் அதுதான் சரி என்று எண்ணிக்கை பார்ப்பது ஆபத்து, ஏனென்றால் அந்த ஏழும் ஒரே ஏட்டைப் பார்த்து எழுதியவையாக இருக்கலாம். இதை எப்படிக் கண்டுபிடிப்பது? பரீட்சையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்த இரண்டு பேர் ஒரே சரியான விடையை எழுதினால் அதிலிருந்து ஒன்றும் தெரியாது. ஒரே விசித்திரமான தவறை எழுதியிருந்தால் விஷயம் வெளியே வந்துவிடும். ஏடுகளுக்கும் அப்படித்தான். எந்தெந்த ஏடுகள் ஒரே பிழையைப் பகிர்ந்துகொள்கின்றன என்று பட்டியல் போட்டால், எது எதிலிருந்து வந்தது என்று ஒரு வம்சாவளி வரையலாம். 19ஆம் நூற்றாண்டில் இந்த முறைக்கு வடிவம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் லாக்மன். ரோமானியக் கவிஞர் லுக்ரீஷியஸின் நூலை 1850இல் பதிப்பித்தபோது, கிடைத்த பிரதிகளில் இருந்த இடமாற்றங்களையும் விடுபாடுகளையும் வைத்தே, காணாமல் போன மூலச்சுவடியில் பக்கத்துக்கு 26 வரி இருந்தது என்று கணித்துச் சொன்னார். பார்க்காத புத்தகத்தின் பக்க அளவு!

இனி உயிரியல் பக்கம் போகலாம். எந்த உயிர் எதற்கு நெருங்கிய உறவு என்று பார்க்க, வெறும் ஒற்றுமையை எண்ணக்கூடாது, பொதுவான மூதாதையிடம் புதிதாகத் தோன்றிப் பிள்ளைகளுக்கு வந்த மாற்றங்களைத்தான் எண்ண வேண்டும் என்று வில்லி ஹென்னிக் என்ற பூச்சியியலாளர் 1950இல் ஒரு முறையைக் கட்டினார். மரபணுவை வைத்து வம்சாவளி வரைவதற்கு இன்றைக்கும் இதுதான் அடிப்படைச் சிந்தனை. பகிர்ந்த பிழைக்கும் பகிர்ந்த மரபணு மாற்றத்துக்கும் தர்க்கம் ஒன்றுதான். ஏடு பார்த்தவர்கள் அதை ஒரு நூற்றாண்டு முன்னாலேயே பிடித்துவிட்டார்கள்.

இரண்டு தரப்பும் கைகோத்தபோது இன்னும் சுவாரசியம். சாஸர் 14ஆம் நூற்றாண்டில் எழுதிய ஆங்கிலக் கதைத் தொகுப்பில் ஒரு பகுதி, 15ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதிகளாக 58 கிடைக்கிறது. உயிர்வேதியியலாளர்களும் இலக்கிய ஆய்வாளர்களும் சேர்ந்து, மரபணு வம்சாவளி வரையும் மென்பொருளை அந்தப் பிரதிகளின் பாடபேதங்கள் மேல் ஓடவிட்டார்கள். 1998இல் நேச்சர் இதழில் வந்தது. சாஸரின் சொந்தப் பிரதி முடிந்த புத்தகமாக இல்லாமல், சேர்க்க வேண்டியது நீக்க வேண்டியது எல்லாம் குறித்து வைத்த நகலாக இருந்திருக்கலாம் என்றும், அதுவரை பதிப்பாசிரியர்கள் கண்டுகொள்ளாத சில பிரதிகள் மூலத்துக்கு நெருக்கமானவை என்றும் அதில் தெரியவந்தது. இதை எந்தத் துறை அலமாரியில் வைப்பது? நூலகத்தில் வகைப்பாட்டு எண் போடுகிறவனுக்கு இது உண்மையிலேயே தலைவலி.

இப்போது உங்கள் அண்ணன் மகளிடம் வரலாம். "யாரோ படித்து அச்சிட்டுவிட்ட கல்வெட்டு" என்கிறீர்கள். முதலாவது, எல்லாம் அச்சாகவில்லை. 1880களின் பிற்பகுதியிலிருந்து அரசின் கல்வெட்டுத் துறையினர் படியெடுத்து வருகிறார்கள். கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, பிரஷ்ஷால் அடித்து எழுத்துக் குழிக்குள் இறக்கி, மேலே மை ஒற்றுவார்கள். எழுத்து வெள்ளையாகவும் சுற்றிலும் கருப்பாகவும் வரும். அதற்கு மைப்படி என்று பெயர். அப்படி எடுத்தவற்றில் முழுப் பாடம் அச்சேறாமல், ஆண்டறிக்கையில் இரண்டு வரிச் சுருக்கமாக மட்டும் இருப்பவை ஏராளம். அச்சானதிலும் வாசிப்பைத் திருத்த வேண்டிய இடங்கள் வரும். கோயில் திருப்பணியில், சுத்தம் செய்கிறோம் என்று மணலை வேகமாக அடிக்கும் மணல் வீச்சுக்கு இரையாகிவிட்ட சுவர்களுக்கு இன்றைக்கு அந்தத் தாள்தான் மிச்சம்.

இரண்டாவதுதான் முக்கியம். படித்தாகிவிட்ட கல்வெட்டிலிருந்தே யாரும் கேட்காத கேள்விக்கு விடை எடுக்கலாம். நொபோரு கராஷிமா என்ற ஜப்பானிய வரலாற்றாசிரியர் 1966இல் இதைச் செய்து காட்டினார். இந்தியக் கிராமம் என்றால் காலங்காலமாக மாறாதது, நிலம் எல்லாருக்கும் பொது என்று 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பியர்கள் ஒரு படம் வரைந்து வைத்திருந்தார்கள். அரசியல் கோட்பாடுகள்கூட அதன்மேல் எழுந்தன. கராஷிமா திருச்சிப் பக்கத்தில் இரண்டே ஊர்களை எடுத்துக்கொண்டார்: அல்லூர், ஈசானமங்கலம். இரண்டிலும் நிலம் கைமாறியது பற்றிய சோழர் காலக் கல்வெட்டுகள் உண்டு. விற்றது யார், வாங்கியது யார், கிழக்கெல்லை யாருடைய நிலம், மேற்கெல்லை யாருடையது என்று இந்த வகைக் கல்வெட்டுகள் சலிப்பூட்டும் அளவுக்கு அடுக்கிக்கொண்டே போகும். அரசனின் மெய்க்கீர்த்தியை ஆவலாகப் படிப்பவர்கள் தாண்டிப் போய்விடும் பகுதி அது. அதில் உட்கார்ந்து பார்த்தபோது, பிரமதேயமான, அதாவது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊரான ஈசானமங்கலத்தில் நிலம் தனித்தனி ஆட்கள் கையில் இருந்ததும், பிரமதேயம் அல்லாத அல்லூரில் ஊரார் பொதுவாக வைத்திருந்ததும் தெரியவந்தது. அடுத்தடுத்து இருந்த ஊர்களிலேயே நிலவுடைமை வேறு வேறு. "இந்தியக் கிராமம்" என்று ஒருமையில் பேசுவது அதோடு சிக்கலாகிவிட்டது.

கராஷிமா, எ.சுப்பராயலு, தோரு மட்சுய் மூன்று பேரும் சேர்ந்து சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களை எல்லாம் திரட்டி 1978இல் மதுரையில் வெளியிட்ட சொல்லடைவு ஒன்று இருக்கிறது. பார்க்க டெலிபோன் டைரக்டரி மாதிரிதான். ஆனால் உடையான், அரையன், மூவேந்தவேளான் என்கிற பட்டங்கள் எந்தக் காலத்தில், எந்த மண்டலத்தில் கூடுகின்றன, எங்கே குறைகின்றன என்று எண்ண ஆரம்பித்தால், நிலமும் அதிகாரமும் யார் கைக்குப் போயின என்பதைப் பற்றி ராஜா ராணிக் கதைகள் சொல்லாததை அது சொல்லும். உங்கள் மகன் தரவைத் திரட்டி அட்டவணை போட்டு வரைபடம் போடுகிறானே, அதேதான். கருவி வேறு.

"ஆனால் வரலாற்றுக்காரர் சொல்வது சரியா தப்பா என்று எப்படிச் சோதிப்பது? யார் எதை வேண்டுமானாலும் சொல்லலாமே" என்று நீங்கள் அடுத்துக் கேட்பீர்கள். சொல்லலாம்தான். நம் ஊரில் சொல்லவும் செய்கிறார்கள், வாட்ஸ்அப்பில் தினமும் வருகிறது. முறையான மொழியாய்வு எப்படிச் சோதனைக்குள் போகிறது என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் கிரேக்க மண்ணில் கிடைத்தது. கிரீட் தீவில் 1900இல் ஆர்தர் எவன்ஸ் தோண்டியெடுத்த களிமண் பலகைகளில் இருந்த ஓர் எழுத்தை ஐம்பது ஆண்டுகளாக யாராலும் படிக்க முடியவில்லை. ஆலிஸ் கோபர் என்ற அமெரிக்கப் பேராசிரியை, என்ன மொழி என்று ஊகிக்கவே மாட்டேன் என்று பிடிவாதமாக, எந்தக் குறி எந்தக் குறியோடு வருகிறது, சொல்லின் கடைசி எப்படி மாறுகிறது என்று மட்டும் அட்டைகளில் எழுதிக்கொண்டே போனார். போர்க்காலக் காகிதத் தட்டுப்பாட்டில் கையில் கிடைத்த தாளை எல்லாம் வெட்டி எழுதி, சிகரெட் பெட்டிகளில் அடுக்கி வைத்தார். விடை வருவதற்கு முன் 1950இல் இறந்துபோனார். அந்த அடித்தளத்தின்மேல் மைக்கேல் வென்ட்ரிஸ், தொழிலால் கட்டடக்கலைஞர், 1952இல் விடையை எட்டினார்: அது பழைய கிரேக்கம். பழைய இத்தாலியில் பேசிய எட்ருஸ்கன் மாதிரி ஒரு மொழியாகத்தான் இருக்கும் என்று நெடுநாள் நம்பியிருந்தவருக்கே அது எதிர்பாராத விடை.

வல்லுநர்கள் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. 1953இல் பைலோஸ் என்ற இடத்தில் தோண்டிக்கொண்டிருந்த கார்ல் பிளேகன், புதிதாகக் கிடைத்துச் சுத்தம் செய்த ஒரு பலகையை வென்ட்ரிஸ் கொடுத்த ஒலிகளை வைத்துப் படித்துப் பார்த்தார். அதில் பாத்திரப் படங்கள் வரிசையாக இருந்தன. முக்காலிப் பாத்திரத்தின் படத்துக்குப் பக்கத்தில் இருந்த சொல் "திரிபோ" என்று வந்தது, கிரேக்கத்தில் முக்காலி என்று பொருள். மூன்று கைப்பிடி உள்ள பாத்திரத்தருகே மூன்று காது என்று பொருள்படும் கிரேக்கச் சொல், நான்கு கைப்பிடிக்கு நான்கு காது, கைப்பிடியே இல்லாததற்குக் காதில்லாதது. இந்தப் பலகையை வென்ட்ரிஸ் விடை காணும்போது பார்த்ததே இல்லை. அவர் விடை தப்பாக இருந்திருந்தால் அன்றைக்கே கவிழ்ந்திருக்கும். ஒரு கோட்பாட்டைக் கவிழ்க்கக்கூடிய சோதனை என்பார்களே அறிவியலில், அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

சிந்துவெளி எழுத்துக்கு இன்னும் அப்படி ஒரு பலகை கிடைக்கவில்லை. ஐராவதம் மகாதேவன் 1977இல் வெளியிட்ட குறித்தொகுப்பு ஆய்வாளர்களுக்கு நல்ல ஆதாரமாக இருக்கிறது. ஆனால் ஒரு பொறிப்புக்குச் சராசரியாக ஐந்து குறிதான், இருமொழிப் பொறிப்பும் கிடையாது. யார் ஒரு வாசிப்பைச் சொன்னாலும் அதைக் கவிழ்க்கப் போதுமான தரவு இல்லை. 2025 ஜனவரியில் தமிழக அரசு 10 லட்சம் டாலர் பரிசு அறிவித்த பிறகும் நிலைமை அதுதான். பரிசு நல்லதுதான், ஆனால் இங்கே பற்றாக்குறை பணத்துக்கு இல்லை, நீளமான ஒரு பொறிப்புக்கு.

கலைத்துறை ஆய்வு அறிவியலுக்கே கைகொடுத்த ஒரு கதையையும் சொல்லிவிடுகிறேன். கி.மு. 136 ஏப்ரல் 15 அன்று பாபிலோனில் முழுச் சூரிய கிரகணம். அங்கே இரவு பகலாக வானத்தைக் குறித்து வைத்துக்கொண்டிருந்தவர்கள் களிமண் பலகையில் ஆப்பெழுத்தில் எழுதினார்கள்: சூரியன் உதித்து 24 பாகை நேரம் கழித்துக் கிரகணம் தொடங்கியது, வெள்ளியும் புதனும் தெரிந்தன, அந்தச் சமயத்தில் தெரியக்கூடாத வியாழனும் செவ்வாயும்கூடத் தெரிந்தன. ஒரு பாகை என்றால் நான்கு நிமிடம். அந்தப் பலகைகள் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. ஆப்ரகாம் சாக்ஸ், ஹெர்மன் ஹங்கர் போன்றவர்கள் வாழ்நாள் முழுக்க உட்கார்ந்து, உடைந்த துண்டுகளை ஒட்டிப் படித்து, மொழிபெயர்த்துப் பதிப்பித்தார்கள். அப்போது யாராவது "இதனால் யாருக்கு என்ன லாபம்" என்று கேட்டிருந்தால் அவர்களிடம் சுருக்கமான பதில் இருந்திருக்காது.

வானியலாளர் ரிச்சர்ட் ஸ்டீபன்சன் அந்தப் பதிவுகளை எடுத்துக் கணக்குப் போட்டார். பூமி இன்றைய வேகத்திலேயே எப்போதும் சுழன்றிருந்தால், அந்த நாளின் முழுக்கிரகணம் பாபிலோனில் தெரிந்திருக்க முடியாது. கிட்டத்தட்ட 49 பாகை மேற்கே தள்ளி, ஸ்பெயினை ஒட்டிய கடல் பக்கம் விழுந்திருக்க வேண்டும். ஆனால் பாபிலோன்காரர்கள் கண்ணால் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படியானால் பூமியின் கடிகாரம் இடைப்பட்ட காலத்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல் பிசகியிருக்கிறது. சீன, அரபு, ஐரோப்பியப் பதிவுகளையும் சேர்த்து, கி.மு. 720 முதல் உள்ள கிரகணங்களை வைத்து, ஒரு நாளின் நீளம் நூற்றாண்டுக்கு ஏறத்தாழ 1.8 மில்லிசெகண்ட் கூடுகிறது என்று ஸ்டீபன்சனும் சகாக்களும் 2016இல் வெளியிட்டார்கள். நிலவின் ஈர்ப்பால் எழும் கடல் ஏற்றவற்றம் மட்டும்தான் காரணம் என்றால் 2.3 மில்லிசெகண்ட் கூடியிருக்க வேண்டும். அந்த வித்தியாசத்துக்கு, பனியுகப் பனிப்பாளங்கள் உருகிய பிறகு பாரம் நீங்கிய நிலப்பகுதிகள் மெல்ல மேலெழுந்து பூமியின் உருவமே கொஞ்சம் மாறிவருவது ஒரு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. இதற்கு எந்த லேபிலும் சோதனை வைக்க முடியாது. 2,000 ஆண்டுக்குமேல் ஓடிய சோதனை இது. அளவெடுத்துக் குறித்தவர்கள் பாபிலோன் எழுத்தர்கள், குறிப்பேட்டைப் படித்துச் சொன்னவர்கள் மொழியறிஞர்கள்.

எல்லாக் கலைத்துறை ஆய்வும் இப்படிச் சோதனைக்கு உட்படும் என்று நான் சொல்ல மாட்டேன். மானிடவியலை எடுத்துக்கொள்ளுங்கள். எம்.என்.ஸ்ரீனிவாஸ் 1948இல் மைசூர்ப் பக்கம் ராம்புரா என்று அவர் பெயரிட்ட கிராமத்தில் போய்த் தங்கி ஆராய்ந்தார். பின்னாளில் ஸ்டான்ஃபோர்டில் உட்கார்ந்து அதைப் புத்தகமாக எழுத முனைந்தபோது, 1970 ஏப்ரலில் யாரோ அங்கே தீ வைத்ததில், ஆண்டுக்கணக்கில் வகைப்படுத்தி எழுதிய குறிப்புகள் மூன்று படிகளும் எரிந்துபோயின. நினைவிலிருந்தே எழுதினார், 1976இல் வெளிவந்த அந்த நூலை இன்றும் சமூகவியல் மாணவர்கள் படிக்கிறார்கள். வேதியியலில் லேப் நோட்டு எரிந்தால் நினைவிலிருந்து கட்டுரை எழுத முடியுமா? முடியாது, எழுதினால் விரட்டிவிடுவார்கள். இங்கே ஏற்றுக்கொள்கிறார்கள் என்றால், ஆய்வாளர் அந்த ஊரோடு பழகிப் பெற்ற புரிதலையே ஒரு சான்றாக மதிக்கிறார்கள் என்று அர்த்தம். அது பலமா பலவீனமா என்று அந்தத் துறைக்குள்ளேயே சண்டை உண்டு. எனக்கு இரண்டும் என்றுதான் படுகிறது.

கடைசியாக ஒரு கசப்பான விஷயம். உங்கள் சந்தேகத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. "...இல் சமூகச் சிந்தனைகள் - ஓர் ஆய்வு" என்ற தலைப்பில், நூலில் இருப்பதை அத்தியாயம் பிரித்துத் திருப்பி எழுதிய ஆய்வேடுகளை அலமாரி அலமாரியாகப் பார்த்திருக்கிறேன். ஆனால் அடுத்த அலமாரியில் என்ன இருக்கிறது தெரியுமா? ஒரு செடியின் இலைச்சாற்றில் வெள்ளி நானோதுகள் தயாரித்து ஒரு ஆய்வேடு, பக்கத்துச் செடியின் சாற்றில் அதையே தயாரித்து அடுத்த ஆய்வேடு. லேப் இருந்தது, படங்கள் வண்ணத்தில் இருந்தன, கேள்விதான் இல்லை. இந்த விஷயத்தில் இரண்டு தரப்பும் சமம்.

அதனால் அவளிடம் கேட்க வேண்டியது "இதெல்லாம் ஆராய்ச்சியா" என்பதை விட, "உன் கேள்வி என்ன, எந்தச் சான்று கிடைத்தால் உன் முடிவை மாற்றிக்கொள்வாய்" என்பதுதான். மகனிடமும் இதையே கேட்டுப் பாருங்கள். இருவரில் யார் சீக்கிரம் பதில் சொல்கிறார்கள் என்று பார்க்க எனக்கே ஆசையாக இருக்கிறது. அவள் வட்டெழுத்தும் கிரந்தமும் படிக்கப் பழகிக்கொள்ள வேண்டும், கொஞ்சம் புள்ளியியலும் தெரிந்தால் நல்லது. பணத்தைப் பற்றிய கவலை இருந்தால், யுஜிசி நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டு கழித்து 42,000. வரலாறு படித்தாலும் அதே தொகைதான். எந்த வட்டாரம், எந்த நூற்றாண்டு என்று அவளிடம் கேட்டு எழுதுங்கள். அந்தப் பகுதிக்கு எந்தக் கல்வெட்டுத் தொகுதிகளில் தொடங்கலாம் என்று சொல்கிறேன்.